எந்த ஊர் அம்மன்?

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1972 ஆம் ஆண்டு முதல் ஒரு வெண்கலப் பெண் இருந்தாள். உயரம் ஒன்றரை அடிக்கும் குறைவு. மண்டியிட்டு, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பியிருப்பாள். 11 ஆம் நூற்றாண்டில் கெமர் சிற்பிகள் வார்த்த அந்தத் திருமேனி 2024 மே மாதம் தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி அன்று அங்கோர் அரசின் ஆட்சிக்குள் இருந்தது. அரை நூற்றாண்டு அவளை லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். அறிஞர்கள் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அவள் அரசியா, அடியவளா, தேவியா என்பது முடிவாகவில்லை. அருங்காட்சியகம் அவளுக்கு வைத்த பெயர் 'மண்டியிட்ட பெண்' என்பதுதான். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. அவள் யாரைக் கும்பிடுகிறாள்? கூப்பிய கைக்கு எதிரே ஒரு தெய்வம் இருந்திருக்க வேண்டும். அந்தத் தெய்வம் எது, எந்தக் கோயிலில் இருந்தது, அந்தக் கோயிலில் இவளுக்கு என்ன இடம் என்பதெல்லாம் அவளை மண்ணிலிருந்து எடுத்து விற்ற அன்றே அழிந்துவிட்டன. உலோகம் கெடாமல் வந்து சேர்ந்தது. அவள் யாரென்ற செய்தி வரவில்லை.

உலகத்து அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும் உள்ள கெமர் தேவியரில் மிகப் பலரின் நிலை இதுவே. 'உமையாக இருக்கலாம்', 'உமை அல்லது லட்சுமி', 'பெண் தெய்வம், பாபுவோன் பாணி' என்றே குறிப்புகள் நிற்கின்றன. கையில் இருந்த தாமரை மொட்டு முறிந்துவிட்டால் எந்தத் தேவி என்று சொல்ல உடலில் வேறு அடையாளம் இருப்பதில்லை. காலத்தைக் கணிக்கவும் ஆய்வாளர்களுக்கு ஆடையின் கொசுவமும் மகுடத்தின் அமைப்புமே துணை. கோ கெர், பாந்தேய் ஸ்ரீ, பாபுவோன், அங்கோர் வாட், பாயோன் என்று கற்கோயில்களின் பெயரால் பாணிகளை வகுத்து, அந்தக் கோயில்களின் கற்சிற்பங்களோடு வெண்கலத்தை ஒப்பிட்டு, 'ஏறத்தாழ இந்தக் காலம்' என்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து உருவாக்கிய நுட்பமான முறை அது; அதை மதிக்கிறேன். ஆனால் அந்த முறை ஒரு தேவிக்கு ஒரு நூற்றாண்டைத் தர முடியும், ஓர் ஊரைத் தர முடியாது.

ஒரு தேவியின் செப்புத்திருமேனியை, அவள் எழுந்தருளியிருந்த ஊரோடும் அவள் பக்கத்தில் நின்ற தெய்வத்தோடும் சேர்த்து எழுதி வைத்தாலொழிய அவள் யாரென்று அறிய முடியாது என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து. இந்தப் பதிவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மிகத் துல்லியமாகச் செய்து காட்டியது இந்தக் காவிரிப் படுகை. அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட்டதன் விலையைத்தான் கடந்த எழுபது ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லுக்கும் செம்புக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை முதலில் கவனிக்க வேண்டும். கம்போடியாவின் கோ கெர் பகுதியில் பிராசாத் சென் என்ற கோயில் இருக்கிறது. பாரதப் போரின் முடிவில் வீமனும் துரியோதனனும் கதாயுதம் எடுத்து மோதும் காட்சி அங்கே முழு உருவக் கற்சிலைகளாக நின்றது. உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் கொள்ளையர்கள் சிலைகளைக் கணுக்காலோடு வெட்டி எடுத்துப் போனார்கள். பாதங்கள் பீடத்திலேயே தங்கிவிட்டன. 2011 இல் துரியோதனன் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது, அந்தப் பாதங்களே அவன் எங்கிருந்து போனான் என்பதற்குச் சான்றாயின. வழக்கு நடந்து, அவன் 2014 இல் கம்போடியா திரும்பினான். கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருந்த வீமனும் அதே ஆண்டு திரும்பினான். கல் தன் சாட்சியைத் தன் இடத்திலேயே விட்டுச் செல்கிறது. செப்புத்திருமேனியோ பீடத்தோடு முழுமையாகப் பெயர்ந்து போகிறது. வீதியுலாவுக்கென்றே செய்யப்பட்டதால் தூக்கிச் செல்ல ஏதுவான வடிவம் அதற்கு. அது போன இடத்தில் வெறும் மேடைதான் மிஞ்சும். ஆகவே கல்லைவிடச் செம்புக்கே எழுத்துச் சான்று மிகுதியாகத் தேவை.

இனி நம் தேவியரிடம் வருவோம். சோழர் காலத்து உமையின் நின்ற கோலத்தை நினைத்துப் பாருங்கள். இடை ஒரு பக்கம் வளைந்திருக்கும். வலக்கை மலரேந்தும் முத்திரையில் உயர்ந்திருக்கும். இடக்கை இயல்பாகத் தொங்கும். ஆடவல்லானுக்கு அருகே நிற்கும் சிவகாமிக்கும் இதே கோலம். வீணாதரரின் தேவிக்கும், திரிபுரம் எரித்தவரின் தேவிக்கும், காளையின் மேல் சாய்ந்து நிற்கும் பெருமானின் தேவிக்கும் ஏறத்தாழ இதே கோலம். திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர் தொகுதியில் நாணித் தலை சாய்த்து நிற்கும் மணமகளைப் போல, காட்சியே முகத்தில் தெரியும் திருமேனிகள் அரியவை. மற்றபடி ஒரு நின்ற உமையைத் தனியே கொண்டுவந்து வைத்தால், எந்தக் கோலத்துச் சிவனுக்குத் துணையாக வார்க்கப்பட்டவள் என்று எந்த வல்லுநரும் உறுதியாகச் சொல்ல இயலாது. பக்கத்தில் நின்றவரை வைத்தே அவளுக்குப் பெயர். இது பெண் தெய்வத்தைக் குறைத்துச் சொல்வதாகச் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் சிவனுக்கும் இதே விதிதான். வீணை தொலைந்துபோன வீணாதரரைத் திரிபுராந்தகர் என்று சொல்லிக்கொண்டிருப்போரும் உண்டு. தொகுதியாகச் சிந்தித்து, தொகுதியாக வார்த்து, தொகுதியாக எழுந்தருளச் செய்த மரபு இது. அதைத் தனி உருவங்களாகப் பிரித்து விற்றது கலைச் சந்தை.

இதற்கு மிகச் சிறந்த சான்று நாம் கூடியிருக்கும் இந்தத் திருக்காட்டுப்பள்ளியின் பெயரையே கொண்ட மற்றோர் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்திருக்கிறது. தேவாரம் பாடப்பெற்ற திருக்காட்டுப்பள்ளிகள் இரண்டு என்பது உங்களுக்குத் தெரியும். குடமுருட்டி காவிரியிலிருந்து பிரியும் இடத்தருகே அக்கினீசுவரர் எழுந்தருளிய இந்த மேலைத் திருக்காட்டுப்பள்ளி ஒன்று. காவிரி கடலை நெருங்கும் இடத்தில், திருவெண்காட்டை அடுத்த கீழைத் திருக்காட்டுப்பள்ளி மற்றொன்று. அந்தத் திருவெண்காட்டில் 1950களில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட செப்புத்திருமேனிகள் இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளன. தலையில் பாம்பும் சடையும் சேர்த்துத் தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு கையைக் காளையின் மேல் சாய்ப்பது போல வைத்திருக்கும் விருஷபவாகனரையும், அவர் அருகே நிற்கும் உமையையும் பார்க்காதவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவாகவே இருப்பார்கள். காளை கிடைக்கவில்லை. ஆயினும் அந்தத் தேவியைப் பற்றி நமக்குத் தெரிவது எவ்வளவு! திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகளைக் கொண்டு, முதலாம் இராசராசன் காலத்தில் 1011 இல் விருஷபவாகனர் இருந்ததையும், மறு ஆண்டு, 1012 இல், அவருக்குத் துணையாக உமாபரமேஸ்வரி எழுந்தருளியதையும் அறிகிறோம். ஓராண்டு இடைவெளியைக்கூட நாம் அறிகிறோம். கெமர் தேவிக்கு நூறாண்டு முன்பின்னாகக் காலம் சொல்லும் துறையில் இது நினைத்தும் பார்க்க முடியாத துல்லியம்.

இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? தேவியின் உடலில் எழுத்து எதுவும் இல்லை. திருமேனி ஊர் மண்ணை விட்டு அகலவில்லை, கல்வெட்டு அதே ஊர்க் கோயில் சுவரில் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிந்தது. அவ்வளவுதான். அதே உமை 1940இல் கள்ளத்தனமாகத் தோண்டப்பட்டு மும்பை வழியாக லண்டன் போயிருந்தால், 'பார்வதி, சோழர், 11 ஆம் நூற்றாண்டு' என்ற ஒரு வரியோடு அவள் கதை முடிந்திருக்கும். திருவெண்காட்டுக் கல்வெட்டும், பொருள் எங்கே என்று தெரியாத வெறும் பட்டியலாக நின்றிருக்கும். திருமேனியைப் பெயர்த்தால் நட்டம் திருமேனிக்கு மட்டும் என்று எண்ணுகிறோம். அது நின்ற கோயிலின் கல்வெட்டும் ஊமையாகிறது.

இந்த எழுத்துப் பழக்கத்தின் உச்சம் தஞ்சைப் பெரிய கோயில். இராசராசனும் அவன் அக்கா குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் அங்கே எழுந்தருளச் செய்த அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத்திருமேனிகளைக் கல்வெட்டுகள் விவரிக்கின்றன. விவரிக்கும் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு திருமேனிக்கும் பாதத்திலிருந்து முடி வரை உயரம், முழத்திலும் விரலிலும். எத்தனை கைகள். கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலாக வார்த்ததா. பீடத்தின் நீள அகல உயரம். பிரபை இருந்தால் அதன் சுற்றளவு. அளந்த முழக்கோல் கோயிலுக்குரியது என்ற குறிப்பு. பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும் மணிகளைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாகச் செய்தி. தேவியருக்குக் கொடுத்த நகைகளில் முத்துகளைக்கூட வட்டம், சப்பத்தி, சக்கத்து என்று வகை பிரித்து எண்ணியிருக்கிறார்கள். குந்தவை எழுந்தருளச் செய்த உமாபரமேஸ்வரியார் ஒருவர் ஆடவல்லார் தக்ஷிணமேரு விடங்கருக்கு நம்பிராட்டியார். மற்றொருவர் தஞ்சை விடங்கருக்கு நம்பிராட்டியார். ஒரே பெயர் கொண்ட இரு தேவியரை உறவால் வேறு பிரித்து எழுதியிருக்கிறார்கள். திருமேனியைக் கொடுத்தவர் யார் என்பதும் உடன் வருகிறது. இன்றைய அருங்காட்சியகப் பதிவேட்டில் நிழற்படம் ஒன்றைத் தவிர இதற்கு மேல் என்ன இருக்கும்?

அந்தத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவை இன்று பெரிய கோயிலில் இல்லை. இது பெரும் துயரம். அவற்றில் சில உலகில் எங்கோ, பெயர் தெரியாத சோழ உமையாக, இன்றும் நின்றுகொண்டிருக்கலாம். அப்படி ஒருத்தி வெளிப்பட்டால் அவளை அளந்து பார்க்கக் கையில் முழ அளவு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய பட்டியல் இன்றைக்கும் பயன்படும் சான்றாவணம்.

இனிக் கொள்ளை போன காலத்தைப் பார்ப்போம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் உமாபரமேஸ்வரி சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்கு 2007 இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டாள். அதே கோயிலின் நடராசர் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் போனார். கணவர் ஒரு கண்டத்தில், மனைவி வேறு நாட்டில். இரண்டையும் விற்ற நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூருக்குச் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நடராசர் 2014 இலும் உமை 2015 இலும் இந்தியா திரும்பினார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்த சான்று எது? புதுச்சேரியில் 1955 இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்த, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களில் இந்தத் திருமேனிகளின் படங்களும் இருந்தன. கும்பகோணத்தை அடுத்த தண்டந்தோட்டம் நடனபுரீசுவரர் கோயிலிலிருந்து 1971 இல் களவு போன பார்வதியும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் அந்த அம்மன் நியூயார்க்கில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனத்திடம் இருப்பதாக அறிவித்தது பழைய நிழற்படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான். ஐம்பது ஆண்டு கழித்து ஓர் அம்மனுக்கு அவள் ஊரைச் சொன்னது ஒரு படம். இந்தப் படங்களை எடுத்தவர்கள் களவைத் துப்புத் துலக்கவென்று எடுக்கவில்லை. சைவ ஆகமங்களையும் சிற்ப மரபையும் ஆராய எடுத்தார்கள். பதிவு எதற்காகச் செய்யப்பட்டாலும் பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்த் தெய்வங்களின் ஒரே அடையாளப் பத்திரம் ஓர் ஆய்வு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தது, அந்தந்த ஊரில் இல்லை என்பதை நினைத்து நாம் வெட்கப்பட வேண்டும்.

நான் நிறுவ விரும்பும் கருத்துக்குச் சில மறுப்புகள் எழும். முதல் மறுப்பு கலை அறிஞர்களிடமிருந்து வருவது. தேர்ந்த கண்ணுக்குப் பாணியே போதும், ஊரும் கல்வெட்டும் கூடுதல் வசதிகள், இல்லாவிட்டாலும் கலைப்படைப்பைப் புரிந்துகொள்ளலாம் என்பார்கள். சிவபுரம் நடராசர் வழக்கு இதற்கு விடை. கும்பகோணம் பகுதியில் உள்ள சிவபுரத்தில் 1951 இல் நடராசரோடு சோமாஸ்கந்தர், அம்மன், பிள்ளையார் முதலிய திருமேனிகளும் மண்ணிலிருந்து கிடைத்தன. பழுது பார்ப்பதற்காக வெளியே கொடுத்த இடத்தில் அசல் நடராசரைப் போலவே நகல் வார்க்கப்பட்டு, நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் கைமாறிக் கைமாறி நார்ட்டன் சைமன் அறக்கட்டளையை அடைந்தது. கோயிலில் இருப்பது போலி என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965 இல் தம் நூலில் எழுதிய பிறகே உண்மை வெளியே வந்தது. அசல் 1986 இல் திரும்பியது. பாணி தெரிந்த அறிஞர் ஒருவரே போலியைக் கண்டுபிடித்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாணியை அறிந்த கைவினைஞரால்தான் அந்தப் போலி வார்க்கவும்பட்டது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசி, தென்னங்குருத்தோலையில் அளவு மடித்து, சோழர் மரபில் அம்மனை வார்க்கிறார்கள். அவர்கள் நேர்மையாகச் செய்யும் புதிய திருமேனியே நூறாண்டு அபிஷேகத்துக்குப் பின் எந்தக் காலத்தது என்ற ஐயம் எழுப்பும். பாணி கற்றுக்கொள்ளக் கூடியது, ஆகையால் அது அடையாளமாகாது. சிவபுரம் இன்னொன்றையும் கற்பிக்கிறது, அது என் கருத்துக்கும் எதிராகத் திரும்பக் கூடியது: ஊர் மக்களும் நகலை அசலென்று நம்பி வழிபட்டார்கள். ஊரின் நினைவு மட்டும் போதாது. அளவும் படமும் எழுத்தும் இருந்து, பழுதுக்குப் போன திருமேனி திரும்பிய நாளில் யாரேனும் ஒருவர் அவற்றை வைத்து ஒப்பிட்டிருந்தால் அந்தக் களவு அன்றே பிடிபட்டிருக்கும்.

இரண்டாம் மறுப்பு அடிக்கடி கேட்பது. ஊரில் இருந்தால் பாசி பிடிக்கும், திருடு போகும், உருக்கப்படும். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் காப்பாற்றின என்று நன்றி சொல்ல வேண்டாமா என்பது. இதில் ஒரு பாதி உண்மை. ஸ்ரீபுரந்தான் கோயில் களவு போன காலத்தில் வழிபாடின்றிப் பூட்டிக் கிடந்தது என்பதை மறைக்க முடியாது. டெல்டாவில் ஒரு கால பூசைக்கும் வழியில்லாத கோயில்கள் எத்தனை என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் இந்தத் திருமேனிகளைக் காத்தது யார்? படையெடுப்பு வந்த காலங்களில் மணல் பரப்பி, முறைப்படி மண்ணுக்குள் எழுந்தருளச் செய்தவர்கள் ஊராரும் குருக்கள்மாரும்தான். சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் மண் தோண்டும்போது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் சேர்ந்து வெளிவந்தன. புதைத்தவர் திருமேனியையும் ஏட்டையும் ஒரே இடத்தில் வைத்தார். எந்தப் பொருள் எதோடு சேர்ந்தது என்ற அறிவையும் சேர்த்துக் காத்த பாதுகாப்பு அது. அருங்காட்சியகங்கள் உலோகத்தை நன்றாகக் காத்தன. குளிர்ந்த அறையும் நல்ல விளக்கும் தந்தன. வாங்கும்போது ஊர் எதுவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்க முடியாது என்பதே காரணம். கேட்காமல் விட்ட கேள்விக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் மறுப்பு இன்னும் நயமானது. பண்பாட்டுப் பொருள்கள் எக்காலத்திலும் நாடுவிட்டு நாடு போயிருக்கின்றன, சோழர் கப்பலேறிப் போகவில்லையா, கெமர் நாட்டில் நம் மரபு இல்லையா, எல்லாம் மனித குலத்தின் பொதுச் சொத்துதானே என்று கேட்பார்கள். போயின, உண்மை. 967 இல் குடமுழுக்குக் கண்ட பாந்தேய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனருகே வற்றிய முலையும் எலும்புடலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். செம்பியன் மாதேவி நம் பகுதியில் செங்கற்கோயில்களைக் கற்றளியாக்கிக்கொண்டிருந்த அதே தலைமுறை அது. நம் கடற்கரை ஊர்க்காரி ஒருத்தி கெமர் நாட்டுக் கோபுரத்தில் இருப்பது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அங்கே போனது கதை. அதனால் காரைக்காலில் எதுவும் குறையவில்லை. பொருள்கள் போய் வந்ததற்கும் சான்று உண்டு. கம்போச அரசன் இராசேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. கம்போச அரசன் தந்த ஒரு கல்லைக் குலோத்துங்கன் சிதம்பரம் கோயிலில் பதிக்கச் செய்ததை 1114 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு பதிவு செய்கிறது. கோயிலின் எந்தப் பகுதியில் பதித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இதுதான் வேறுபாடு. கொடையாக வந்த பொருளுக்குக் கொடுத்தவர், வாங்கியவர், வைத்த இடம் மூன்றும் எழுதப்பட்டன. களவாகப் போனதற்கு எதுவும் இல்லை, அல்லது பொய்யான காகிதம் இருக்கிறது. கெமர்க் கலைப் பொருள்களின் மிகப் பெரிய வணிகரும் அறிஞருமாகக் கருதப்பட்ட டக்ளஸ் லாட்ச்போர்டு மீது 2019 இல் நியூயார்க்கில் சாட்டப்பட்ட குற்றமே பொருள்களின் வரலாற்றைப் பொய்யாகப் புனைந்தார் என்பதுதான். தீர்ப்புக்கு முன் 2020 இல் அவர் இறந்தார். அவரோடு தொடர்புடைய 14 சிற்பங்களைக் கம்போடியாவுக்கும் இரண்டைத் தாய்லாந்துக்கும் திருப்புவதாக மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. நான் தொடக்கத்தில் சொன்ன பெண் அந்த இருவரில் ஒருத்தி. பொதுச் சொத்து என்று வாதிடுவோர், பொதுச் சொத்துக்கு உண்மையான முகவரி எழுத ஏன் தயங்கினார்கள்?

நான்காவது மறுப்பே எனக்கு மிகக் கனமானது. மீட்டு வந்த திருமேனிகள் ஊருக்கா வந்தன, திருவாரூரிலும் கும்பகோணத்திலும் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையத்தின் கம்பிக் கதவுக்குள்தானே நிற்கின்றன, நியூயார்க் கண்ணாடிப் பேழைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்ற கேள்வி அது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் வேதனை நியாயமானது. அங்கே வைத்தவர்களின் அச்சமும் நியாயமானது. பூட்டும் காவலும் இல்லாத கோயிலுக்கு ஆயிரமாண்டுத் திருமேனியைத் திருப்பிக் கொடு என்று பொறுப்புள்ள எவரும் சொல்ல முடியாது. ஆனால் மையத்தில் இருக்கும் திருமேனிக்கு ஊரோடு உள்ள உறவைத் துண்டிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கிருந்து கிழக்கே திருவையாற்றுச் சப்தஸ்தானத்தை நினையுங்கள். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பல்லக்கேறி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகச் செல்ல, ஒவ்வோர் ஊர்த் தெய்வமும் எதிர்கொண்டு உடன் வருகிறது. உற்சவத் திருமேனி இடம் விட்டு இடம் போய்த் தன் ஊர்ப் பெயரோடு திரும்பி வரும் இயல்புடையது. கெமர் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. 1191 ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரீய கான் கல்வெட்டு, பால்குன மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல ஊர்த் தெய்வத் திருமேனிகள் ஒன்றுகூட வேண்டும் என்று சொல்லி அவற்றின் ஊர்களையும் குறிக்கிறது. இரு நாட்டாருக்கும் தெரிந்திருந்த ஒழுங்கு இது. ஆண்டில் ஒரு நாள், பங்குனி உத்தரத்துக்கோ ஆடிப்பூரத்துக்கோ, காவலோடு ஊருக்கு எழுந்தருளி, மறுநாள் மையத்துக்குத் திரும்புவது நடக்கக் கூடியதே. பாதுகாப்பு மையத்தில் உள்ள ஒவ்வொரு திருமேனிக்கும் அதன் ஊரையும் கோயிலையும் பெரிதாக எழுதி வைப்பது அதைவிட எளிது. பாதுகாப்பில் இருக்கும் அம்மனுக்கும் தொலைந்த அம்மனுக்கும் உள்ள வேற்றுமை அந்தப் பெயர்ப் பலகையில்தான் இருக்கிறது.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும் என்கிறது. மூலவர், உற்சவர் திருமேனிகளின் விவரமும் அதில் இருக்க வேண்டும். 'அம்மன் உற்சவர், ஐம்பொன், 1' என்று ஒரு வரி எழுதிவிட்டால் சட்டத்துக்குப் போதுமானதாகலாம். திருட்டுப் போன திருமேனியை மீட்க அது போதாது. இராசராசன் கல்வெட்டில் உள்ள அளவுக்கு விவரம் வேண்டும். பாதம் முதல் முடி வரை உயரம், பீடத்தின் அளவு, எடை, கை அமைதி, தேய்மானம், ஒட்டு, பிரபை தாங்கும் முளைகள், பீடத்துத் துளைகள், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம். யாரோடு சேர்ந்த அம்மன், எந்த விழாவில் எந்த வாகனத்தில் புறப்படுகிறார் என்பதைக் குருக்களிடமும் சீர்பாதம் தாங்குவோரிடமும் கேட்டு எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது, அவர்களோடு போய்விடும்.

இந்த வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஓர் அளவு நாடா, ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, செயல் அலுவலரின் அனுமதி, குருக்களின் துணை போதும். திருக்காட்டுப்பள்ளியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள பள்ளி, கல்லூரி மாணவர்கள் அறநிலையத்துறையின் ஒப்புதலோடு, திருமேனியைத் தொடாமல், குருக்கள் கையாலேயே அளந்து, ஒவ்வொரு கோயிலுக்கும் மூன்று படிகள் எழுதலாம்: ஒன்று கோயிலில், ஒன்று அறநிலையத்துறை அலுவலகத்தில், ஒன்று ஊர்ப் பொதுவில் நம்பகமான ஒருவரிடம். படங்களையும் அளவுகளையும் எல்லாரும் பார்க்க இணையத்தில் போட வேண்டாம். அது திருடனுக்குப் பட்டியல் கொடுத்ததாகும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு நடப்பதற்குள், இந்த ஊரின் சௌந்தரநாயகி அம்மனிலிருந்து தொடங்கி, குடமுருட்டிக் கரைக் கோயில்கள் சிலவற்றின் பதிவையாவது முடித்து, அதன் ஒரு படியைத் துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.